நாளைய ரீடிங்

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம் வந்ததும் ப்ராஜெக்ட்டுக்கு எந்த சாரிடம் போவது என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். கம்ப்யூட்டரில் நாலு கோடு வரைந்து காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடும் சார்கள் உண்டு. போன வருடத்து ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுபோனாலும் கண்டுகொள்ளாத மேடம்கள் உண்டு. கோமதிநாயகம் சாரிடம் மட்டும் யாரும் தானாகப் போவதில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு, அதில் மாட்டிக்கொண்டவர்கள்தான் போவார்கள். அந்த வருடம் பாளையங்கோட்டையின் அந்தப் பழைய கல்லூரியில் வடிவும் ஆல்வினும் மாட்டிக்கொண்டார்கள்.

சாரைக் கண்டு பயந்ததற்குக் காரணம் சமையல். அடுப்படிச் சமையல் இல்லை, பிசிக்ஸ் லேப் சமையல். ஊசலை ஆட்டினால் புவியீர்ப்பு ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டிப் பார்த்து எட்டரை வந்தால் பிள்ளைகள் மறுபடி ஆட்டமாட்டார்கள். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்குத் தோதான ரீடிங்கை எழுதிவிட்டு, "குக் பண்ணிட்டேன்" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். தமிழ்நாட்டில் பிசிக்ஸ் படித்த யாரும் நான் சமைத்ததே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. சொன்னால் அதுவும் சமையல்தான். சாருக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. சமைத்த ரெக்கார்டை மாடியிலிருந்து வீசுவார். ஒருமுறை அது பிரின்சிபால் கார்மேல் போய் விழுந்தது.

அவர் கொடுத்த ப்ராஜெக்ட் அவரைவிட வில்லங்கமாக இருந்தது. முதல் நாளே கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு கேட்டார்.

"ஸ்கூல்ல இருபடிச் சமன்பாடு போட்டிருப்பீங்கல்லா? ரெண்டு விடை வரும். ஒண்ணு ப்ளஸ், ஒண்ணு மைனஸ். மைனஸை என்ன செய்வீங்க?"

"அடிச்சிருவோம் சார்," என்றாள் வடிவு. "நீளம் மைனஸ்ல வராதுன்னு எழுதிட்டு அடிச்சிருவோம்."

"அலைக்கும் அதே கதைதான். ரெண்டு விடை உண்டு. ஒரு அலை இன்னைக்குக் கிளம்பி நாளைக்குப் போய்ச் சேரும். இன்னொண்ணு நாளைக்குக் கிளம்பி இன்னைக்கு வந்து சேரும். ரெண்டாவதை எல்லாப் புஸ்தகத்துலயும் அடிச்சிட்டான். அது வரலைன்னு எவனாவது உக்காந்து பாத்தானா?"

"நாம பாக்கப் போறோமா சார்?" என்றான் ஆல்வின். தூத்துக்குடிப் பையன். எதைச் சொன்னாலும் பாதிச் சிரிப்போடுதான் சொல்வான்.

"பாக்கப் போறோம். வரலைன்னு தெரிஞ்சாலும் அது ப்ராஜெக்ட்தான். மார்க் போடுவேன்."

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு படிகம், அதைச் சுற்றிக் கண்ணாடி இழைச் சுருள், ஒரு கம்ப்யூட்டர். படிகத்துக்குச் சூடு ஆகாது என்பதால் அறையின் வெப்பநிலையையும் கூடவே குறித்துவைக்க வேண்டும். அதற்காக ஒரு சென்சார் நீள வயரில் மேஜையோரம் தொங்கியது. திரையில் இரண்டு கோடுகள் ஓடும். நீலம், அறையின் வெப்பநிலை. சிவப்பு, படிகம் தருகிற இரைச்சல்; நாளைய அலை வந்தால் அதில்தான் தெரியவேண்டும். சிவப்பில் எதுவும் வராது என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும், சாருடையதையும் சேர்த்து.

ஆல்வின்தான் முதலில் பார்த்தான். "ஏ வடிவு, நேத்தைய சிவப்பையும் இன்னைக்குள்ள நீலத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பாரு."

இரண்டும் அச்சாகப் பொருந்தின. அன்று மத்தியானம் சொல்லாமல்கொள்ளாமல் ஒரு மழை பெய்து அறை குளிர்ந்திருந்தது. அந்தக் குளிரின் பள்ளம் நேற்று மத்தியானமே சிவப்புக் கோட்டில் விழுந்து கிடந்தது. அறையின் நாளைய சூடு ஒரு நாள் முன்னாலேயே திரைக்கு வந்துகொண்டிருந்தது.

சார் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "சமைச்சியளா?"

"சத்தியமா இல்ல சார்."

ஒரு வாரம் தானே உட்கார்ந்து பார்த்தார். ஒரு நாளும் தப்பவில்லை. அந்த வாரக் கடைசியில் அவர் சந்தோஷப்படுவார் என்று வடிவு எதிர்பார்த்தாள். அவர் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "கெணறு வெட்டப் போயி பூதம்லா கெளம்பிட்டு," என்றார். அவர் முகத்தில் இருந்தது பயம்தான்.

ஆல்வினுக்கு அதை ஏமாற்றிப் பார்க்க ஆசை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைச் சிவப்பு வழக்கம்போல வந்துகொண்டிருக்க, "நாளைக்கு மெஷினையே போடலைன்னா இது எப்படி நடக்கும்?" என்று சாயங்காலம் பிளக்கைப் பிடுங்கி, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரியே பெருக்க வந்த அம்மாள் ஆபீசிலிருந்து இன்னொரு சாவி வாங்கித் திறந்து, கழன்றுகிடந்த பிளக்கைப் பார்த்து, பாவம் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று மாட்டிவைத்துப் போயிருக்கிறாள். நீலக் கோடு சனிக்கிழமைச் சிவப்பை இம்மி பிசகாமல் ஒட்டியிருந்தது.

"வந்த ரீடிங் நடந்தே தீரும் போல," என்றான் ஆல்வின். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை.

"விதி கிதின்னு இங்க பேசப்பிடாது," என்றார் சார். "இது பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட்."

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி வாக்கில், சிவப்புக் கோடு ஏற ஆரம்பித்தது. முப்பது, நாற்பது, அறுபது. மூன்று பேரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். எண்பது. தொண்ணூறு. நூறைத் தொட்டுச் சற்று நேரம் நின்றது. பிறகு கோடே இல்லை. கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது.

"தீ," என்றான் ஆல்வின். "நாளைக்கு இந்த ரூம் எரியுது. கம்ப்யூட்டரும் எரிஞ்சிருக்கு. அதான் கோடு நிக்குது."

சார் பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அதற்குமேல் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. வடிவு அசையாமல் நின்றாள். அந்த அறை தனி அறை இல்லை. பி.எஸ்ஸி. லேப் ஹாலின் மூலையில் பலகை அடித்துத் தடுத்த இடம். ஹாலுக்கு ஒரே வாசல்தான். நாளைக்கும் மறுநாளும் அங்கே யுனிவர்சிட்டி பிராக்டிகல் தேர்வு. எழுதப்போகிற முப்பது பிள்ளைகளில் ஒருத்தி உலகு, அவள் கூடப்பிறந்த தங்கை.

துறைத்தலைவர் ஜெசிந்தா மேடத்திடம் மூன்று பேரும் போனார்கள். தேர்வைத் தள்ளிவைக்கச் சொன்னார்கள். மேடம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"வெளிக் காலேஜ்ல இருந்து எக்ஸாமினர் ராத்திரி ரயில்ல வாராங்க. அவங்ககிட்ட என்ன சொல்ல? நாளைக்குத் தீப்பிடிக்கும்னு இன்னைக்கே கம்ப்யூட்டர்ல வந்துட்டுன்னா? யுனிவர்சிட்டிக்கு அப்படியே எழுதவா?" பிறகு சாரைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார். "நீங்க ரெண்டு நாள் லீவு போடுங்க சார். உடம்பைப் பாருங்க."

வீட்டில் அதைவிட மோசம். "ஏட்டி, நாளைக்கு நீ பரீட்சைக்குப் போகாண்டாம்," என்றாள் வடிவு.

உலகு முறைத்தாள். "ஏன்?"

"போகாண்டாம்னா விடேன். அங்க தீப்பிடிக்கப் போகுது."

"யக்கா, உனக்கென்ன கிறுக்கா? போகலைன்னா அரியர் விழும். ஒரு வருஷம் போயிரும். உன் ப்ராஜெக்ட்டு சரியா வரலைன்னா அதுக்கு என் பரீட்சையையா கெடுப்ப?" அம்மாவும் உலகு பக்கம்தான் பேசினாள். பேசாமல் என்ன செய்வாள்.

அந்த ராத்திரியை வடிவு எப்படிக் கழித்தாள் என்று சொல்லி மாளாது. பகையாளிக்கும் அப்படி ஒரு ராத்திரி வேண்டாம். பக்கத்துப் பாயில் உலகு வாயைத் திறந்துகொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். அவள் மூச்சுவிடுகிறாளா என்று இவள் மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். தெரியாமலே இருந்திருக்கக்கூடாதா, இந்தப் பாழாய்ப்போன சிவப்புக் கோடு வராமலே இருந்திருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

காலையில் உலகு வெள்ளைக்கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். வடிவு அடுக்களையில் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். அடுப்பில் உலை கொதித்தது. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தீயைக் கொறை வடிவு. கொதிச்ச தண்ணி அதுக்குமேல என்ன கொதிக்கும்? கேஸ்தான் வீணு."

வடிவு தீயைக் குறைக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள். தீப்பிடித்தால் சூடு நூறோடு நிற்குமா? இருநூறு, நானூறு என்று போகும். நூறுக்கு வந்து, அங்கேயே அசையாமல் நிற்பது உலகத்தில் ஒன்றுதான். கொதிக்கிற தண்ணீர். ஒன்பதாம் வகுப்புப் பாடம். மூன்று பேர் பார்த்தார்கள், பயத்தில் ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஆட்டோ பிடித்து ஓடினாள். லேபில் சாரும் ஆல்வினும் முன்பே வந்திருந்தார்கள். தீயணைக்கும் சிலிண்டர்கள் நாலைந்தைக் கெமிஸ்ட்ரிக்காரர்களிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தார்கள். மெஷினைச் சாரே போட்டிருந்தார். போடாவிட்டால் யாராவது போடத்தான் போகிறார்கள், அதற்கு நாமே பக்கத்தில் இருப்போம் என்றார். பலகைக்கு அந்தப் பக்கம் தேர்வு ஆரம்பித்துவிட்டது.

வடிவு மூச்சு வாங்கச் சொன்னாள். "சார், அது தீ இல்ல. யாரோ சென்சாரைக் கொதிக்கிற தண்ணியில போடுதாங்க."

"யாரு போடுதா?"

"நாமதான் சார். நாம போடணும். மெஷினுக்கு ரூம் எரியுதா இல்லையான்னு தெரியாது. சென்சார் என்ன சொல்லுதோ அதுதான் தெரியும். அந்தக் கோட்டை நாமளே வரைஞ்சு குடுத்துட்டா நடக்கவேண்டியது நடந்துரும். யாரும் எரியவேண்டாம்."

சார் வயரில் தொங்கிய சென்சாரைப் பார்த்தார். "அப்படின்னா," என்றார், "ரீடிங்கைச் சமைக்கச் சொல்லுத."

"ஆமா சார்." அவளுக்கு அழுகை வந்தது. "என் தங்கச்சி அந்தப் பக்கம் இருக்கா சார்."

ஆல்வின் ஹாஸ்டலுக்கு ஓடினான். ஹாஸ்டலில் வைக்கவே கூடாத ஒரு கரண்ட் கெட்டிலை, அதில் முந்தின நாள் நூடுல்ஸ் ஒட்டியிருக்க, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தான். தண்ணீர் ஊற்றி, தானாக அணைந்துவிடாமல் இருக்க மூடியைத் திறந்து வைத்தார்கள். பதினொரு மணி ஆயிற்று. சென்சாரை எடுக்க வடிவு கையை நீட்டினாள். சார் தடுத்தார்.

"குடு. நானே வைக்கேன்."

முப்பது வருடம் சமையல்காரர்களை விரட்டிய மனிதர், அந்த வயரைக் கெட்டிலுக்குள் இறக்கினார். நீலக் கோடு ஏறியது. நாற்பது, அறுபது, எண்பது. நேற்றைய சிவப்பின் மேலேயே, வழி தெரிந்த மாடுபோல ஏறிப்போயிற்று. நூறு. நின்றது. தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

பட்டென்று ஒரு சத்தம். ஹாலில் எல்லா ஃபேனும் நின்றது. கம்ப்யூட்டர் அணைந்தது. பழைய வயரிங் கெட்டிலைத் தாங்கவில்லை, டிரிப் ஆகிவிட்டது. கோடு கத்தரித்த மாதிரி நின்றதன் ரகசியம் அவ்வளவுதான். அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஜெசிந்தா மேடம் பலகைக் கதவைத் திறந்து, கெட்டிலையும், அதைச் சுற்றி நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்தார். "லேப்ல டீயா போடுதீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்.

வடிவு சிரித்துக்கொண்டே அழுதாள். உலகு பிழைத்துவிட்டாள். எரியவே போகாத ஒரு தீக்காகத்தான் இத்தனை பாடு. ஆனாலும் பிழைத்துவிட்டாள் என்றுதான் மனசு சொன்னது.

கரண்ட் வந்ததும் ஆல்வின் கம்ப்யூட்டரைப் போட்டான். இன்றைய நீலத்தைப் பார்த்துப் பார்த்து ரசித்தான். பிறகுதான் அவன் கண் சிவப்புக்குப் போனது. காலையிலிருந்து அதுவும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

"சார், நாளைக்கு ஒண்ணுமில்ல. சூப்பரா இருக்கு. இருபத்தேழு டிகிரி. ஆடாம அசையாம நிக்குது."

சார் கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.

"காலையில வெயில் ஏறும்," என்றார் மெதுவாக. "கதவு திறந்து மூடும். ஃபேன் ஓடும். ஆள் வரும் போகும். ரூம் வெப்பம் எந்த நாளாவது இப்படி நின்னிருக்கா?"

ஆல்வினின் முகம் மாறியது.

"இது ரூம் இல்ல. மூடி போட்ட பாத்திரம். யாரோ சென்சாரை ப்ளாஸ்குல போட்டு மூடியிருக்காங்க. இதுவும் சமையல்தான்."

"எவன் சார் அப்படிச் செய்வான்?"

"எவனோ இல்ல. இது எப்படின்னு தெரிஞ்ச ஆளு உலகத்துலயே மூணு பேருதான்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் எக்ஸாமினர் யாரையோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். சென்சார் ப்ளாஸ்குக்குள் இருந்தால், வெளியே நாளைக்கு என்ன நடக்கிறது என்று கோடு சொல்லாது. வெறும் வெயிலாகவும் இருக்கலாம், நிஜமான தீயாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள இருந்த ஒரே கண்ணையும் யாரோ நாளைக்குப் பொத்தப்போகிறார்கள்.

"மெஷினை இப்பவே பிரிச்சுப் போட்டுருவோமா?" என்றார் சார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

"பிளக்கைப் பிடுங்கின கதைதான் சார் ஆகும்," என்றான் ஆல்வின்.

"அப்ப மூணு பேரும் ஒரு வார்த்தை சொல்லுவோம். நாளைக்கு ஒருத்தரும் சென்சாரைத் தொடக்கூடாது. என்ன வந்தாலும் சரி. நேத்து மாதிரி நடுங்கினாலும் பரவாயில்ல, உண்மையான ரீடிங் வேணும். என்னம்மா?"

"சரி சார்," என்றாள் வடிவு. ஆல்வினும் தலையாட்டினான். சொன்னார்களே தவிர, மூன்று பேர் கண்ணும் அந்த நேர்கோட்டை விட்டு நகரவில்லை. நாளைக்கு ஒருவர் வாக்குத் தவறப்போகிறார் என்பது அங்கே ஏற்கெனவே வந்துவிட்டது.

மத்தியானம் தேர்வு முடிந்து உலகு துள்ளிக்கொண்டு வந்தாள். அக்காமேல் இருந்த கோபமெல்லாம் போயிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நிழல் பார்த்து நின்றார்கள்.

"வைவா சூப்பர்க்கா. நாளைக்கும் இதே ஹால்தான், ரெண்டாவது பிராக்டிகல். அதோட விட்டுது. எங்க தீப்பிடிச்சுது? கரண்ட்டுதான் போச்சு. ராத்திரி பூரா நீ தூங்கலைன்னு அம்மா சொன்னா. கண்ணைப் பாரு, கோவைப்பழம் மாதிரி."

வடிவு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்குப் போகாதே என்று இன்றைக்கும் சொல்ல முடியாது, அதற்கு ஒரு காரணமும் கையில் இல்லை. சொன்னாலும் கேட்கமாட்டாள். மறுபடி ஒரு சிவப்புக் கோடு, மறுபடி ஒரு ராத்திரி, மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பது. இன்னொருமுறை அதைத் தாங்க அவளால் ஆகாது. நாளைய கோடு அப்படியே நேராக நிற்கட்டும், எதுவும் தெரியாமல் இருப்பதே மேல்.

"என்னக்கா, கைய இந்த இறுக்கு இறுக்குத? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லட்டி." குரல் கொஞ்சம்கூட நடுங்காததைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சற்றுப் பொறுத்து, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நம்ம வீட்டு ப்ளாஸ்க் எங்கட்டி இருக்கு?"

"பரண்லதான் கெடக்கும். எதுக்கு?"

பஸ் வந்துவிட்டது. உலகு முண்டியடித்து ஏறி, அக்காவுக்கும் சேர்த்து இடம் பிடித்தாள்.